வெடியை வைத்தவனே எடுக்கட்டும்!

அரியலூர் வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை செய்யும் எந்தத் தொழிலாளியை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். வெடிக்காமல் போன தோட்டா ஒன்று குழிக்குள் கிடந்தால் யாரும் கடப்பாரையோடு அங்கே இறங்க மாட்டார்கள் என்று சொல்லுவார். வெடிக்கு முன் சங்கு ஊத வேண்டும். சிவப்புக் கொடி நட வேண்டும். ஆட்களை எட்டத்தில் நிறுத்த வேண்டும். மருந்தைத் தொடுகிறவர் சான்றிதழ் பெற்றவராக இருக்க வேண்டும். இவை எந்த முதலாளியும் தாராள மனசோடு கொடுத்த வரங்கள் அல்ல. செத்தவர்களின் பிணங்களின் மேல் எழுதப்பட்ட விதிகள்.

அந்தச் சுரங்கங்களிலிருந்து மேற்கே பெரம்பலூர் பக்கம் வந்தால் திருச்சி - சென்னை நெடுஞ்சாலை. அந்தச் சாலையில் மோதி நசுங்கிய கார், ஓடி ஓய்ந்த கார், எல்லாம் கடைசியில் போய்ச் சேருகிற இடம் காயலாங்கடை. அங்கே கேஸ் கட்டரைப் பிடித்துக் காரின் தூணை அறுக்கிறவன் யார்? மழை பொய்த்து மக்காச்சோளமும் பருத்தியும் கைவிட்ட கரிசல் காட்டிலிருந்து கூலி தேடி வந்த விவசாயத் தொழிலாளியின் மகன். அவன் அறுக்கிற காருக்குள் வெடிமருந்து இருக்கிறது. அவனுக்குச் சங்கு இல்லை, கொடி இல்லை, சான்றிதழ் இல்லை. மருந்து இருக்கிறது என்று அவனிடம் சொல்ல ஒரு நாதியும் இல்லை.

சுரங்கத்தில் ஒரு தோட்டாவுக்கு இத்தனை விதி. காயலாங்கடையில் ஒரு காருக்குள் எட்டு வெடிக்கு ஒரு விதியும் நடப்பில் இல்லை. இது எந்த ஊர் நியாயம் என்று நாம் கேட்கிறோம்.

காருக்குள் இருக்கும் வேட்டு

ஏர்பேக் என்பது என்ன? கார் மோதியவுடன் ஸ்டியரிங்கிலிருந்து பலூன் போல விரிந்து, ஓட்டுகிறவரின் முகத்தையும் மார்பையும் காப்பாற்றுகிற பை. நல்ல சாதனம்தான். அதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பை எதனால் விரிகிறது? பம்ப்பு அடித்தா விரிகிறது? இல்லை. பைக்குப் பின்னால் ஓர் உலோகக் குப்பி. அதற்குள் மாத்திரை மாத்திரையாக மருந்து. நடுவில் கல் குவாரியின் கேப்பைப் போல மின்சாரத்தில் பற்றுகிற ஒரு சிறிய தீக்குச்சி. மோதலை உணர்ந்த கருவி மின்சாரத்தை அனுப்பியதும் மருந்து பற்றி வாயுவாகிப் பையை நிரப்புகிறது. இத்தனையும் நடந்து முடிய ஒரு செகண்டில் முப்பதில் ஒரு பங்கு நேரம் போதும்.

சீட் பெல்ட்டிலும் இதே வேலை உண்டு. மோதிய கணத்தில் பெல்ட்டைச் சுண்டி இழுத்து உடம்போடு இறுக்குவதற்கு, பெல்ட் சுருளின் பக்கத்திலோ கொக்கியின் அடியிலோ ஒரு குழாய் இருக்கிறது. குழாய்க்குள் கொஞ்சம் மருந்து. அளவு சிறியதுதான். ஆனால் விரலையும் கண்ணையும் பறிக்கப் பெரிய அளவு தேவையில்லை.

சில கார்களில் மேற்கூரை ஓரத்தில் திரைபோல விரிகிற பை உண்டு. அதற்கு வாயு கொடுக்க, மிகுந்த அழுத்தத்தில் அடைத்த சிறு சிலிண்டரையும் அங்கேயே பதித்திருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, தகரமும் துணியும் மூடியிருக்கும். ஆலையிலே பாய்லர் இருந்தால் அதற்கு ஓர் இன்ஸ்பெக்டர் உண்டு என்பது ஆலைத் தொழிலாளிக்குத் தெரியும். கூரைக்குள் ஒளிந்த இந்தச் சிலிண்டருக்கு இன்ஸ்பெக்டர் யார்? கட்டரின் நெருப்பு அதன் மேல் பட்டால் பதில் சொல்லப் போகிறவன் கட்டரைப் பிடித்தவன் ஒருவனே!

இந்தியாவில் விற்கும் கார்களில் ஓட்டுகிறவருக்கு ஏர்பேக் கட்டாயமென்று 2019 ஜூலை 1 முதல் சட்டம் வந்தது. 2022 பிறந்ததிலிருந்து பக்கத்து இருக்கைக்கும் கட்டாயம். இன்று 6 ஏர்பேக் வைத்த கார்கள் சாதாரணமாக விற்கின்றன. இரண்டு பெல்ட் வெடிகளையும் சேர்த்தால் ஒரு காருக்கு எட்டு. விபத்தில் ஒரு பக்கம் நசுங்கிய காரில் மறுபக்கத்துப் பைகள் வெடிக்காமலே இருக்கும். வயசாகி உடைபடுகிற காரில் எட்டும் அப்படியே இருக்கும். இன்று ஷோரூமில் பளபளக்கிற ஒவ்வொரு காரும் நாளைக்கு ஒரு காயலாங்கடையில் எட்டு வேட்டுகளோடு வந்து நிற்கப் போகிறது.

மண் கண்ட சாவுகள்

மருந்தின் கொடுமை அரியலூர் ஜில்லாவுக்குப் புதிதல்ல. 2023 அக்டோபர் 9-ந் தேதி விரகாலூரில் நாட்டு வெடி செய்யும் ஆலை வெடித்துச் சிதறியது. தீபாவளிக்கு வேட்டு செய்யப் போன கூலி ஜனங்கள் பத்துப் பேர் வரை கருகி மாண்டனர். அங்கே செத்தவர்களுக்காவது தாங்கள் தொடுவது மருந்து என்று தெரியும். காயலாங்கடைத் தொழிலாளிக்கு அதுவும் தெரியாது. தான் தொடுவது இரும்பு என்றல்லவா அவன் நினைக்கிறான்!

இரும்புக்குள் சாவு ஒளிந்து வருவது கற்பனையல்ல. 2004 செப்டம்பர் 30-ந் தேதி உத்தரப் பிரதேசத்துக் காஜியாபாத் பக்கம் ஓர் உருக்காலையில், வெளிநாட்டிலிருந்து வந்த பழைய இரும்போடு யுத்தத்தில் வெடிக்காமல் போன குண்டுகள் கலந்திருந்தன. அவை வெடித்து 10 தொழிலாளிகள் மாண்டார்கள். 2010-ல் தில்லிப் பல்கலைக்கழகம் ஏலம் விட்ட ஒரு பழைய கருவி மாயாபுரி காயலாங்கடைக்குப் போயிற்று. அதற்குள் கோபால்ட்-60 என்ற கதிர்வீச்சுப் பொருள் இருந்தது. தொழிலாளிகள் அதைப் பிரித்தார்கள். பலர் நோயில் விழுந்தார்கள், ஒருவர் இறந்தே போனார். விஞ்ஞானம் படித்தவர்கள் விற்ற பொருள்! உள்ளே என்ன இருக்கிறது என்று வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

காஜியாபாத் சாவுக்குப் பிறகு சர்க்கார் விழித்துக்கொண்டது. வெளிநாட்டுப் பழைய இரும்புக்குச் சோதனைச் சான்று வேண்டுமென்று விதியை இறுக்கியது. நல்லது. கப்பலில் வரும் இரும்புக்குள் வெடி இருக்கிறதா என்று பார்க்கிற சர்க்கார், நம் ஊர் ஷோரூமிலிருந்து வந்த இரும்புக்குள் வெடி இருக்கிறது என்று தெரிந்தும் சும்மா இருக்கலாமா?

எஃகுக்குக் கணக்கு உண்டு, விரலுக்கு இல்லை

சட்டமே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. யாருக்காக இருக்கிறது என்பதுதான் விஷயம்.

2021 செப்டம்பரில் மத்திய சர்க்கார் பழைய வாகனங்களை உடைக்கும் கூடங்களுக்கு விதிகள் போட்டது. பதிவு பெற்ற கூடத்தில் அபாயப் பொருள்களை முதலில் அகற்ற வேண்டும் என்கிறது விதி. அப்படிப்பட்ட கூடத்தில் பழைய காரை ஒப்படைத்துச் சான்று வாங்கினால், புதுக் காருக்கு வரியில் 25 சதவீதம் வரை சலுகை தரலாம் என்றும் ஏற்பாடு. கார்க்காரருக்குச் சலுகை. கம்பெனிக்குப் புதுக் கார் விற்பனை. காயலாங்கடைத் தொழிலாளிக்கு என்ன? ஒரு ஜோடி கையுறை கூட இல்லை.

பிறகு 2025 ஜனவரியில் ஆயுள் முடிந்த வாகனங்களுக்கென்று தனி விதிகள் வந்தன. ஏப்ரல் 1 முதல் அமல். வண்டியைச் செய்தவருக்கு அது சாகும் வரை பொறுப்பு உண்டு என்று இந்த விதிகள் ஒப்புக்கொள்கின்றன. ஆனால் பொறுப்பை எதனால் அளக்கிறார்கள் தெரியுமா? எஃகினால்! பழைய வருஷங்களில் விற்ற வண்டிகளில் இருந்த எஃகில், முதல் ஐந்து வருஷங்களுக்குக் குறைந்தது 8 சதவீதம் திரும்ப வந்ததாகச் சான்றிதழ் காட்ட வேண்டும். பிறகு அது 13, அதன் பிறகு 18 என்று உயரும். எஃகுக்கு இலக்கு உண்டு. கம்பெனி வைத்த வெடிகளில் எத்தனை பத்திரமாகத் திரும்ப வந்தன என்பதற்கு இலக்கு உண்டா? இல்லை. எஃகு விலை போகிற சரக்கு, அதற்குத் தராசு வைத்தார்கள். தொழிலாளியின் விரலுக்குத் தராசு வைக்கவில்லை.

தொழிலாளர் சட்டம் காப்பாற்றுமா? 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் மின்சாரம் பயன்படுத்தி 10 பேர் வேலை செய்கிற இடத்தைத் தொழிற்சாலை என்றது. அதற்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பு அதை 20 ஆக உயர்த்தி விட்டது. நாலு பேரும் ஐந்து பேரும் வேலை செய்கிற காயலாங்கடை முன்பும் சட்டத்துக்கு வெளியே நின்றது, இப்போது இன்னும் எட்டத்தில் நிற்கிறது.

ஜப்பானில் ஒரு நீதி, இங்கே ஒரு நீதி

கம்பெனிகளால் முடியாத காரியமா இது? ஜப்பானிலே 2005 ஜனவரி முதல் ஒரு சட்டம் நடக்கிறது. பழைய காரிலிருந்து மூன்று பொருள்களைக் கார் செய்த கம்பெனியே ஏற்றுக்கொண்டு ஒழிக்க வேண்டும். அந்த மூன்றில் ஒன்று ஏர்பேக். அதற்கான கட்டணத்தைக் கார் விற்கும்போதே வாங்கித் தனியாக வைத்து விடுகிறார்கள். ஐரோப்பிய யூனியனில் 2000-ம் வருஷத்திலேயே சட்டம் வந்தது: வெடிக்கக் கூடிய உறுப்புகளைக் கழற்ற வேண்டும், அல்லது செயலிழக்கச் செய்ய வேண்டும்.

ஜப்பானிலே இதைச் செய்கிற சுஸுகியும் டொயோட்டாவும் ஹோண்டாவும்தான் இந்தியாவிலும் கார் விற்கின்றன. அதே ஏர்பேக், அதே மருந்து. தொழிலாளி மட்டும் வேறு. அங்கே சட்டம் கையைப் பிடித்தது, கம்பெனி செய்தது. இங்கே சட்டம் பிடிக்கவில்லை, கம்பெனி செய்யவில்லை. முதலாளியின் மனச்சாட்சி எந்த நாட்டுக்குப் போனாலும் ஒன்றுதான். அது சட்டம் அழுத்துகிற இடத்தில் மட்டுமே விழித்திருக்கும்.

மலிவு மருந்தின் கதை

லாபம் மருந்தைத் தொட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தகாட்டா கம்பெனியின் கதை போதும். ஏர்பேக் செய்வதில் உலகத்தின் பெரும் கம்பெனிகளில் ஒன்று. விலை குறைவு என்று தன் குப்பிகளில் அம்மோனியம் நைட்ரேட்டைப் போட்டது. அரியலூர்ச் சுரங்கத் தொழிலாளிக்கு இந்தப் பெயர் புதிதல்ல. பாறையைப் பிளக்கிற சரக்கு! 45 சதவீதத்துக்கு மேல் அம்மோனியம் நைட்ரேட் இருந்தால் அது வெடிபொருள்தான் என்று நம் சர்க்காரே 2011-ல் அறிவித்தது.

வெயிலும் ஈரமும் பட்ட ஊர்களில் அந்த மருந்து வருஷக்கணக்கில் கெட்டது. பை விரிய வேண்டிய நேரத்தில் குப்பியே சிதறி, உலோகத் துண்டுகள் ஓட்டுகிறவரின் கழுத்தில் பாய்ந்தன. அமெரிக்காவில் மட்டும் 25 பேருக்கு மேல் மாண்டனர். உலகம் பூராவும் சுமார் 10 கோடிக் குப்பிகளைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. இந்தியாவிலும் ஹோண்டா முதலிய கம்பெனிகள் லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தன. சோதனை அறிக்கைகளைத் திருத்தி ஏமாற்றியதாகத் தகாட்டா 2017-ல் அமெரிக்கக் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 100 கோடி டாலர் கட்ட ஒப்பியது. அதே வருஷம் திவாலானது.

இங்கே கவனியுங்கள். திரும்ப அழைத்த எல்லாக் கார்களும் திரும்பி வரவில்லை. சில முதலிலேயே மோதிக் காயலாங்கடைக்குப் போய் விட்டன. 2017-ல் அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் ஓர் இளம் பெண் ஓட்டிய காரில், வேறொரு பழைய காரிலிருந்து கழற்றிப் பொருத்திய தகாட்டா குப்பி சிதறி அவளைச் சாவின் வாசலுக்குக் கொண்டு போயிற்று. உடைக்கிற இடத்தில் வெடிக்குக் கணக்கு இல்லாவிட்டால் அபாயம் காயலாங்கடையோடு நிற்காது. அது இன்னொரு காரில் ஏறிக்கொண்டு சாலைக்குத் திரும்பி வரும்.

மூன்று சாக்குகள்

முதல் சாக்கு: "பதிவு பெற்ற கூடங்கள் இருக்கின்றனவே, அங்கே கொண்டு போகட்டும்." யார் கொண்டு போவது? பத்திரமாக உடைக்கிற கூடத்துக்குச் செலவு அதிகம். ஆகையால் பழைய காருக்கு அது கொடுக்கிற விலை குறைகிறது. எந்தச் செலவும் செய்யாத காயலாங்கடை கூடுதல் விலை கொடுக்கிறது. அந்தக் கூடுதல் விலை எங்கிருந்து வருகிறது? தொழிலாளியின் கண்ணிலிருந்தும் கையிலிருந்தும் வருகிறது. கம்பெனி பணம் கொடுத்து இந்த வித்தியாசத்தை அடைக்காத வரையில் கார்கள் காயலாங்கடைக்குத்தான் போகும்.

இரண்டாவது சாக்கு: "கார் விலை ஏறி விடும்." லட்சக்கணக்கில் விலை வைக்கிறார்கள். விளம்பரத்தில் 6 ஏர்பேக் என்று கொட்டை எழுத்தில் போட்டு அதற்கும் விலை வாங்குகிறார்கள். வைப்பதற்குப் பணம் உண்டு, எடுப்பதற்கு இல்லையா?

மூன்றாவது சாக்குதான் மிகக் கேவலமானது: "தொழிலாளி அஜாக்கிரதை." மருந்து இருக்கும் இடத்தைக் காட்டுகிற படம் கம்பெனியிடம் இருக்கிறது. அதை இங்கிலீஷில் எழுதித் தன் ஒர்க்ஷாப்பில் பூட்டி வைத்திருக்கிறது. அதைத் தமிழில் அச்சடித்து எந்தக் காயலாங்கடைச் சுவரில் ஒட்டினார்கள்? தெரிய விடாமல் செய்து விட்டுத் தெரியவில்லை என்று குற்றம் சாட்டுவது எந்த யோக்யதை?

1956 நவம்பர் 23-ந் தேதி அரியலூருக்குப் பக்கத்தில் மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் விழுந்து 140 பேருக்கு மேல் மாண்டபோது, ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்று ராஜினாமா செய்தார். எஞ்சின் டிரைவர் அஜாக்கிரதை என்று சொல்லிக் கையைக் கழுவவில்லை. மேலே இருக்கிறவனுக்குப் பொறுப்பு உண்டு என்ற பாடம் இந்த மண்ணில்தான் எழுதப்பட்டது. கார்க் கம்பெனிகளுக்கு மட்டும் அந்தப் பாடம் கிடையாதா?

கட்டரைப் பிடிக்கும் தோழருக்கு

சட்டம் வரும் வரையில் உயிர் காத்திருக்காது. ஆகையால் சில விஷயங்களை உங்கள் கடையில் வேலை செய்கிற எல்லோருக்கும் படித்துச் சொல்லுங்கள்.

மஞ்சள் நிற வயரோ மஞ்சள் இணைப்போ கண்டால் நில்லுங்கள். அது பெரும்பாலும் ஏர்பேக்குக்கும் பெல்ட் வெடிக்கும் போகிற வயர். அதை அறுக்காதீர்கள். பல்ப்பும் பேட்டரியும் மீட்டரும் வைத்து உயிர் இருக்கிறதா என்று சோதிக்காதீர்கள். அந்தக் கொஞ்ச மின்சாரமே அதைப் பற்ற வைக்கலாம். பேட்டரியைக் கழற்றிய பிறகும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் மின்சாரம் தங்கி நிற்கும். கம்பெனி குறித்த நேரம் தெரியாவிட்டால் பத்து நிமிஷத்துக்குக் குறையாமல் காத்திருங்கள்.

ஏர்பேக் இருக்கிற ஸ்டியரிங், கதவுத் தூண், கூரை ஓரம், இருக்கையின் பக்கம் ஆகிய இடங்களில் கேஸ் கட்டரோ கிரைண்டரோ வைக்காதீர்கள். கழற்றிய பையைத் தூக்க நேர்ந்தால், பை விரிகிற முகம் உடம்புக்கு எதிர்ப்புறம் இருக்கட்டும். வயரைப் பிடித்துத் தூக்காதீர்கள். தரையில் வைத்தால் பை முகம் மேலே பார்க்க வேண்டும். கவிழ்த்து வைத்தால் வெடிக்கும்போது குப்பி கல்லைப் போல மேலே எறியப்படும்.

நெருப்பில் போட்டு எரிக்காதீர்கள். சூடு ஏறினால் அது தானே வெடிக்கும்படி செய்யப்பட்டது. உருக்காலைக்குப் போகும் இரும்புக் கட்டில் போட்டு அமுக்காதீர்கள், அங்கே உலை முன் நிற்கிறவரும் நம் தோழர்தான். கிணற்றிலும் குட்டையிலும் வீசாதீர்கள். பழைய கார்களின் ஏர்பேக்கில் சோடியம் அஸைடு என்ற கொடிய விஷம் இருந்தது. வெடித்து முடிந்த பை கூடச் சூடாக இருக்கும், அதன் தூள் கண்ணையும் தோலையும் எரிக்கும். கையுறையும் கண்ணாடியும் போடுங்கள், சோற்றில் கை வைக்கும் முன் கழுவுங்கள். வெடிக்காத பையை வெடிக்க வைத்து ஒழிப்பது பயிற்சி பெற்றவரின் வேலை. தூரத்தில் நின்று, அதற்கென்ற கருவியால் செய்ய வேண்டியது. "நீயே தட்டிப் பாரு" என்று முதலாளி சொன்னால் செய்ய மாட்டேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஒருவர் சொன்னால் வேலை போகும். கடையில் இருக்கிற அத்தனை பேரும் சேர்ந்து சொன்னால் முதலாளிதான் யோசிப்பான்.

நாம் கேட்பது

ஏர்பேக்கையும் பெல்ட் வெடியையும் திரும்ப எடுத்து ஒழிப்பது கார் செய்த கம்பெனியின் கடமை என்று 2025-ம் வருஷத்து விதிகளில் சேர்க்க வேண்டும். எஃகுக்கு இலக்கு வைத்தது போல வெடிக்கும் எண்ணிக்கையில் இலக்கு வைக்க வேண்டும். பத்திரமாகக் கழற்றும் செலவைக் கம்பெனி கொடுக்க வேண்டும்.

எந்தக் காரில் எங்கே மருந்து இருக்கிறது என்ற படத்தைத் தமிழில் அச்சடித்து ஒவ்வொரு காயலாங்கடைக்கும் கொடுக்க வேண்டும். தீயணைப்பு நிலையங்களுக்கும் கொடுக்க வேண்டும். விபத்தில் சிக்கியவரை மீட்க நசுங்கிய காரை வெட்டுகிற வீரருக்கும் இதே அபாயம்தான்.

ஒரே ஓர் ஆள் வேலை செய்கிற இடமானாலும், உயிருக்கு ஆபத்தான வேலை என்று அறிவித்துப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவரப் புதிய சட்டத் தொகுப்பே இடம் கொடுக்கிறது. வாகனம் உடைக்கும் தொழிலை அப்படி அறிவிக்க வேண்டும். அடிபட்டவருக்கு நஷ்ட ஈடு கிடைக்கும்படி ஒவ்வொரு தொழிலாளியின் பெயரும் பதிவேட்டில் ஏற வேண்டும்.

போலீஸ் நிலையத்திலோ சர்க்கார் ஆபீஸிலோ கிடக்கும் வண்டிகளை ஏலம் விடும் முன் அவற்றின் வெடிகளை அகற்ற வேண்டும். சர்க்காரே மாயாபுரிக் கதையை மறுபடி எழுதக் கூடாது.

பெரம்பலூரிலும் அரியலூரிலும் பத்திரமாக வாகனம் உடைக்கும் கூடங்களைத் திறந்து, இன்று காயலாங்கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கே பயிற்சி கொடுத்து அங்கே வேலை கொடுக்க வேண்டும். பாதுகாப்பு என்ற பெயரில் கடைகளைப் பூட்டி ஏழையின் அடுப்பை அணைப்பதை நாம் ஏற்க மாட்டோம்.

சுரங்கத் தொழிலாளி சங்கும் கொடியும் வாங்கியது கெஞ்சி அல்ல, ஒன்று சேர்ந்து கேட்டுத்தான். ஆலைத் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் தங்கள் சங்கக் கூட்டங்களில் இதைப் பேச வேண்டும். காயலாங்கடையில் நிற்கிறவன் அன்னியன் அல்லன், நம் வீட்டுப் பிள்ளை. அவன் அறுக்கிற இரும்புக்குள் இருக்கிற வெடியை அவன் வைக்கவில்லை. வைத்தவன் லாபத்தோடு போய் விட்டான். அவனைத் திரும்பக் கூப்பிடுவோம்.

வெடியை வைத்தவனே வெடியை எடுக்கட்டும்!